வேலையை விட்டுச் சென்றவர்களின் கோப்புகளை எப்போது அழிக்கலாம்?

4 ஜனவரி 2026

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே எடுத்து வைக்கிறேன்: "எங்கள் ஆலையில் 1990களிலிருந்து வேலை பார்த்துச் சென்றவர்களின் கோப்புகள் இரண்டு பீரோவையும் பரணையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்று ஆடிட்டர் சொல்கிறார். போகிக்குள் அறையைக் காலி செய்து பழையவற்றை எரித்துவிடலாம் என்றிருக்கிறேன். சட்டத்தில் தடை ஏதும் உண்டா?"

சிலவற்றுக்கு உண்டு. எவை என்று பிரிக்கும் வரை தயவுசெய்து தீ வைக்காதீர்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

5 ஜனவரி

ஆடிட்டர் சொன்ன எட்டு ஆண்டு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128(5) பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அது கணக்குக்கான கெடு. தொழிலாளியின் பணிக்கோப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

தொழிலாளர் சட்டங்களில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கெடு வைத்திருந்தது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி ஊதியப் பதிவேடு மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. ஒழுங்குமுறைகளின்படி பணியாளர் பதிவேடும் விபத்துப் புத்தகமும் ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இருந்தாலும் உங்கள் பீரோவில் இருப்பவை அதற்கு முந்தைய காலத்தவை என்பதால், பழைய சட்டங்களின் கண்கொண்டே அவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று, ஐந்து, எட்டு எல்லாம் ஆய்வாளர் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டிய குறைந்தபட்சக் காலம் மட்டுமே. கெடு தீர்ந்த மறுநாள் தொழிலாளியின் உரிமையும் தீர்ந்துவிடும் என்று இந்தச் சட்டங்களில் எங்கும் சொல்லப்படவில்லை. பதிவேட்டின் வயதைப் பார்க்காமல், அந்தத் தாளைக் காட்டி யார், எதை, எப்போது வரை கேட்கக்கூடும் என்று பார்த்தே அழிப்பதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5 ஜனவரி, இரவு

ஒன்று விட்டுப்போனது. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, பதிவேட்டில் கடைசியாக எழுதிய நாளிலிருந்து கணக்கு. 2011இல் தொடங்கிய கட்டுப் புத்தகத்தில் 2023 வரை எழுதியிருந்தால், முதல் பக்கத்துக்கும் 2023இலிருந்துதான் கெடு. சிறிய ஆலைகளில் ஒரே தடிப் புத்தகம் பல ஆண்டுகள் ஓடுவதுண்டு. அதன் முன்பக்கங்களைக் கிழித்து எடுத்துவிடுவதும் உண்டு. அது கூடாது.

8 ஜனவரி

"பென்ஷன் விவரமெல்லாம் பி.எஃப். அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, ஆலை ஏன் சுமக்க வேண்டும்?" என்று ஓமலூர் நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு பார்க்கும் அலுவலகத்தில், வேலை கற்றவன். அங்கிருந்து வெளியே வந்து, சேலத்து ஆலைகளுக்கும் ஏற்காட்டுத் தோட்டங்களுக்கும் பதிவேட்டு வேலை செய்து கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் உயர் ஓய்வூதியம் குறித்துத் தீர்ப்பளித்தது. பி.எஃப். கணக்குக்கு வைத்த சம்பள உச்சவரம்புக்கு மேற்பட்ட உண்மையான சம்பளத்துக்குப் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டவர்கள் அந்தச் சம்பளத்தின் அடிப்படையில் ஓய்வூதியம் கேட்க அது வழி திறந்தது. விண்ணப்பித்தவர்களின் மாதச் சம்பள விவரத்தை 1995 நவம்பர் 16இல் தொடங்கி, அல்லது அவர்கள் அதற்குப் பின் சேர்ந்திருந்தால் சேர்ந்த நாளிலிருந்து, வேலை அளித்தவரே பதிவேற்ற வேண்டியிருந்தது. அதற்கான கெடு பலமுறை தள்ளிப்போய்க் கடைசியாக 2025 ஜனவரி 31 என்று நின்றது.

சேலத்தை அடுத்த ஓர் ஆலையில், பெயர் இங்கே வேண்டாம், எட்டு ஆண்டு கடந்த சம்பளப் பட்டியல்கள் எல்லாம் எடைக்குப் போயிருந்தன. பிட்டர்களும் மேஸ்திரிகளும் அலுவலக எழுத்தர்களும் வந்து கேட்டபோது நிர்வாகத்தின் கையில் எதுவும் இல்லை. தங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துத் துணிப்பையில் வைத்திருந்த பழைய பி.எஃப். ஆண்டுச் சீட்டுகளைத்தான் அவர்களே கொண்டுவந்து மேசையில் பரப்பினார்கள். ஒருவரிடம் 1998க்கான சீட்டு இருந்தது, 1999க்கு இல்லை, 2000க்கு மடிப்பில் கிழிந்த பாதிச் சீட்டு இருந்தது. மாதச் சம்பளம் இன்னது என்று காட்ட ஆண்டுக்கூட்டுத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டிவந்தது. அதிலும் எல்லாருக்கும் பலன் கிடைத்துவிடவில்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய சம்பளப் பட்டியலின் மதிப்பை அந்த மேசையருகில் நின்றவர்களிடம் கேட்க வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும், ஐம்பத்தெட்டு வயது வேண்டும். இருபத்திரண்டு வயதில் சேர்ந்து முப்பத்து மூன்றில் விட்டுப் போனவர், கால் நூற்றாண்டு கழித்து வந்து உங்கள் வாசலில் நிற்பார். பிறந்த தேதியிலோ தகப்பனார் பெயரிலோ பிழை இருந்தால், திருத்துவதற்கான கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் முதலாளியின் கையெழுத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சேர்ந்தபோது கொடுத்த பள்ளிச் சான்றின் நகல் கோப்பில் இல்லையென்றால், எதை வைத்துக் கையெழுத்துப் போடுவீர்கள்?

9 ஜனவரி

காலவரம்புச் சட்டம் என்று ஒன்று இருக்கும்போது இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று ஒரு வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது பாதி சரி. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளியே நேரடியாகத் தொடுக்கும் வழக்குக்கு, தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவு மூன்று ஆண்டு வரம்பு வைத்திருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட பாக்கியைக் கேட்டு அதே பழைய சட்டத்தின் 33சி(2) பிரிவின்கீழ் போடும் மனுவுக்குக் காலவரம்பே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1963இலேயே சொல்லிவிட்டது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) விதிகளிலும், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காக மட்டும் கோரிக்கை செல்லாமல் போகாது என்று தெளிவாக இருக்கிறது.

ஊதியத் தொகுப்பின் 59ஆம் பிரிவையும் அவர் கவனிக்க வேண்டும். ஊதியமோ போனசோ வரவில்லை என்று ஒருவர் கோரினால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியைச் சேர்ந்தது. முன்பு ஊதியச் சட்டத்தின் கீழ் ஓராண்டாக இருந்த கோரிக்கைக் காலமும் இப்போது மூன்று ஆண்டாகியிருக்கிறது. கையெழுத்திட்ட பட்டுவாடாத் தாளை அழித்தவர் தன் சாட்சியைத் தானே அழித்தவர் ஆகிறார்.

11 ஜனவரி

ஏற்காட்டுத் தோட்டங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மலைமேல் முதல் எதிரி ஈரம். மழைக்காலம் முழுவதும் பூட்டியிருந்த ஸ்டோர் அறையில் தகரப் பெட்டியைத் திறந்தால், செக்ரோல் என்னும் தினசரி வருகைப் புத்தகங்களின் ஓரங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஊதா மை தாளில் பரவி, முழுநாளுக்குப் போட்ட குறி எது, அரைநாளுக்குப் போட்ட குறி எது என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தின் பக்கங்களை அவசரமாகப் பிய்க்காமல், நிழலில் காற்றாட வைத்து, மொண்ணைக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் பெரும்பாலும் படிக்கும்படி வந்துவிடும்.

ஏன் இவ்வளவு பாடு? பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். ஓர் ஆண்டு என்றால் 240 நாள். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது. களை வெட்டு, கவ்வாத்து, பழம் பறிப்பு, மிளகு பறிப்பு என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும் தோட்டத்தில், ஐந்தாம் ஆண்டின் அந்த 240 நாளைச் செக்ரோலைத் தவிர வேறு எதுவும் காட்டாது. மகப்பேறு விடுப்பு நாள்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் விடுப்புப் பதிவேட்டையும் செக்ரோலோடு சேர்த்தே காக்க வேண்டும். மகப்பேற்றுப் பயனுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதற்கும் இதே புத்தகம்தான் சான்று.

பெயர்ச் சிக்கலும் மலையில் அதிகம். ஒரே லயனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், மூன்று லட்சுமிகள் இருப்பார்கள். புத்தகத்தில் ஒரு லட்சுமிக்குத் தகப்பனார் பெயர் எழுதியிருக்கும், இன்னொருவருக்குக் கணவர் பெயர், மூன்றாமவருக்கு எதுவுமே இருக்காது. ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டல் இவை எதனோடும் ஒத்துப்போகாது. இப்படிப்பட்டவர்களுக்கு மூலப் பதிவேட்டில் உள்ள கைரேகையும், சேர்ந்த தேதியும், குடும்ப உறுப்பினர் பட்டியலும்தான் இன்னார் இவர்தான் என்று காட்டும். தோட்டம் கைமாறும்போது பழைய முதலாளி நிலப் பத்திரத்தை ஒப்படைக்கும் அக்கறையோடு செக்ரோல்களையும் எழுதி வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

12 ஜனவரி

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எதையுமே அழிக்கக் கூடாதா?" என்று ஜவ்வரிசி ஆலைக்காரர் கேட்கிறார். அழிக்க வேண்டியவை நிறையவே இருக்கின்றன. அழிக்காமல் இருப்பதும் ஆபத்துதான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய பேப்பர் கடை ஒன்றில் கோப்புக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அட்டையை ஒருபக்கம் போட்டார்கள், கிளிப்பை ஒரு டப்பாவில் போட்டார்கள். ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்களைத் தனியே அடுக்கினார்கள். பின்பக்கம் எழுத உதவும் என்பதால் அதற்குக் கூடுதல் விலை. மேலே இருந்த தாள் ஓர் இளம்பெண்ணின் வேலை விண்ணப்பம். படம், கைப்பேசி எண், வீட்டு முகவரி, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாம் ஒரே கட்டில். அவர் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கூட அல்ல. நேர்முகத்துக்கு வந்து தேர்வாகாதவர். அந்தத் தாள் அங்கே போய்ச் சேர எந்த நியாயமும் இல்லை.

தேர்வாகாதவர்களின் விண்ணப்பங்கள், முழு எண் தெரியும் ஆதார் நகல்கள், வேலையை விட்டவரின் வருகைக் கருவிக்கான விரல்ரேகைப் பதிவு, காலாவதியான மருத்துவச் சீட்டுகள், கணக்கு முடித்த முன்பணச் சீட்டுகள் ஆகியவற்றைப் பீரோவில் வைத்திருப்பதால் யாருக்கும் பயன் இல்லை. அடையாளத்துக்கு ஆதார் தேவைப்பட்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகல் போதும்.

2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. வேலை தொடர்பான தேவைக்காகத் தரவைக் கையாளலாம் என்று 7ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நோக்கம் நிறைவேறியதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில், அழித்துவிட வேண்டும் என்று 8(7) சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். ஆத்தூர் ஆலைக்கு யாரும் 250 கோடி விதிக்கப்போவதில்லை என்றாலும், சிறிய ஆலைக்குச் சிறிய அபராதமே பெரிய அடிதான்.

15 ஜனவரி

பொங்கல் நாளில் நீளமாக எழுத விருப்பமில்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவின் ஆவணங்கள் பணிக்கோப்புக்குள் இருக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அவற்றை வெளியிடுவதையே தடை செய்கிறது. தனி உறை, தனிப் பூட்டு, சாவி குழுத் தலைவரிடம்.

17 ஜனவரி

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். நானும் ஏற்காட்டு ஈரத்தைப் பார்த்த பிறகு அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். இரண்டு காரணங்களால் இப்போது சற்று நிதானிக்கிறேன்.

ராஜினாமாக் கடிதத்தில் உள்ள கையெழுத்து தன்னுடையது அல்ல, வெற்றுத்தாளில் வாங்கினார்கள் என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் சொல்வது அன்றாடம் நடப்பது. அப்போது கையெழுத்து நிபுணருக்கு மூலத்தாள் வேண்டும். மையின் அழுத்தம், எழுத்துக்கும் மடிப்புக்கும் எது முந்தியது என்பதெல்லாம் ஸ்கேனில் தெரியாது. ஆகவே ராஜினாமா, வாரிசு நியமனப் படிவம், கணக்கு முடித்த ரசீது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்றதற்கான ஒப்புகை, தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளின்படி செய்த ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் மூலத்தாள் இருந்தே தீர வேண்டும். மற்றவற்றுக்கு ஸ்கேன் உதவும். ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். யார் ஸ்கேன் செய்தது, எந்த இயந்திரத்தில், எந்த நாளில் என்று அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்காதவர் பிறகு அந்தச் சான்றிதழில் கையெழுத்திடத் தடுமாறுவார்.

இரண்டாவது காரணம் முந்தைய குறிப்போடு தொடர்புடையது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வடிவில் உள்ளவற்றுக்கும், தாளிலிருந்து மின்னணு வடிவுக்கு மாற்றப்பட்டவற்றுக்கும் பொருந்தும். வெறும் தாளாக இருக்கும் வரை அது எட்டாது; ஸ்கேன் செய்த மறுகணம் எட்டும். எனவே பிரித்த பிறகுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். பிரிக்காமல் பீரோவையே கம்ப்யூட்டருக்குள் தள்ளினால், அழிக்க வேண்டியவற்றுக்கும் புதுப் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறீர்கள்.

18 ஜனவரி

9ஆம் தேதிக் குறிப்பின் தொடர்ச்சி. வழக்கு, சமரசப் பேச்சு, பி.எஃப். விசாரணை, ஏன், ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தாலும், அந்த ஆள் தொடர்பான எந்தத் தாளையும் கெடு தீர்ந்தாலும் தொடக் கூடாது. சான்றாகக் காட்ட வேண்டிய ஆவணத்தைத் தடுக்கும் நோக்கில் அழிப்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 241ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது.

240 நாள் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்கும் சுமை முதலில் தொழிலாளியுடையதுதான். தினக்கூலிக்கு நியமன உத்தரவும் சம்பளச் சீட்டும் கிடைப்பதில்லை என்பதால், அவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லி, முதலாளியிடம் உள்ள மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, வரவழைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் யெல்லட்டி வழக்கில் சொன்னது. தாக்கல் செய்யாத ஒரே காரணத்தால் முதலாளிக்கு எதிராக முடிவு செய்துவிட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இதில் இரண்டாவது பகுதியை மட்டும் படித்துவிட்டு மஸ்டரைத் தொலைப்பது லாபம் என்று நினைக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். வழக்கின் மற்ற சூழ்நிலைகளோடு சேரும்போது அதே தொலைப்பு அவர்களுக்கு எதிராகவே திரும்பும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார் என்கிறது 1981ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். மத்தியத் தொகுப்புகள் நீக்கிய சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. தற்காலிகம், பதிலி என்று எழுதிவைத்த மஸ்டர்களை முதலில் அழிக்கத் தோன்றும். அவைதான் கடைசியாக அழிக்க வேண்டியவை.

22 ஜனவரி

அழிக்கும் முறையைக் கேட்டிருக்கிறார்கள். எதை அழிக்கிறோம், யாருடையது, எந்த ஆண்டு, எந்தக் கெடு தீர்ந்தது என்று பட்டியல் போட்டு, வழக்கு நிலுவை இல்லை என்று சட்டப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கி, நிர்வாகி ஒப்பமிட்ட பிறகு, இருவர் முன்னிலையில் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் துண்டாக்கியில் போட வேண்டும். அந்தப் பட்டியலை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். நாளை ஒருவர் தன் கோப்பைக் கேட்டால், இன்ன நாளில் இன்ன காரணத்தால் அழிக்கப்பட்டது என்று காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

எரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டாக எரிக்கும்போது ஓரம் கருகி நடுப்பகுதி அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் உறை எரிந்து கிளம்பும் புகை வேறு. கம்ப்யூட்டரில் டெலீட் அழுத்துவது அழிப்பதாகாது. பழைய ஹார்டு டிஸ்க்கைத் துளையிட்டோ மேலெழுதியோ சிதைத்த பிறகு, 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பையும் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர்கள், எல்லாருடைய ஆதாரையும் படமெடுத்து டைம் ஆபீஸ் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது, அந்தக் கைப்பேசி மேசைமேல் கிடக்கிறது. அதே ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டிய சலானின் நகலோ யாரிடமும் இருப்பதில்லை. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியான ஆலையிடம் வசூலிப்பார்கள் என்பதால், அழிக்க வேண்டியது அந்தப் படங்களை, காக்க வேண்டியது அந்தச் சலானை.

27 ஜனவரி

பி.எஃப். விசாரணைக்குக் காலவரம்பு உண்டா என்று கேட்டவருக்கு: 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ விசாரணைக்கு வரம்பு இருக்கவில்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஐந்து ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. அது விசாரணையைத் தொடங்கும் அதிகாரிக்கான வரம்பு. ஓய்வூதியம் கேட்டு வரும் தொழிலாளிக்கு அது பொருந்தாது என்பதால் 8ஆம் தேதி எழுதியது அப்படியே நிற்கிறது.

மருத்துவப் பதிவுகளைப் பற்றி 12ஆம் தேதிக் குறிப்பில் பொதுப்படையாக எழுதிவிட்டேன். அதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். காய்ச்சல், விடுப்புக்கான சீட்டுகள் போகலாம். பஞ்சுத் தூசி, கல் தூசி, ரசாயனம் ஆகியவற்றில் வேலை பார்த்தவர்களின் மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள் போகக் கூடாது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் இத்தகைய பதிவுகளை வைத்திருக்கவும், தொழிலாளி பார்க்க அனுமதிக்கவும் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41சி பிரிவு சொன்னது. பஞ்சாலை நுரையீரல் நோய் பல ஆண்டு தூசிக்குப் பிறகு வெளிப்படுவது. வேலைக்குச் சேர்ந்த அன்று நெஞ்சு எப்படி இருந்தது என்பதற்கான சான்று ஆலையிடம் மட்டுமே இருக்கும்.

3 பிப்ரவரி

ஆத்தூர்க்காரர் பிரித்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒரு பீரோ காலியாகிவிட்டது. மற்றொன்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய உறை: சேர்ந்த விவரம், வாரிசு நியமனம், ஆண்டுவாரிச் சம்பளமும் வேலை நாளும், விலகிய விவரம், கணக்கு முடித்த ரசீது. இனி இவற்றை எத்தனை ஆண்டு வைப்பது என்று கேட்கிறார். அந்த உறைக்கு, தொழிலாளிக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வூதியம் உறுதியாகி அதன்மேல் சில ஆண்டுகள் வரை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். எந்தச் சட்டமும் இப்படி ஒரே வரியில் சொல்லவில்லை. இது என் கணிப்பு.

ஆலையை மூடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடிய ஆலையின் பதிவேடுகளுக்குப் பொறுப்பாளர் இல்லாமல் போய்விடுகிறது. கட்டடம் விற்பனையாகும்போது அவை குப்பையோடு போகின்றன. கதவைச் சாத்துவதற்கு முன் ஒவ்வொரு தொழிலாளிக்கும், விலகிச் சென்றவர்களில் முகவரி கிடைப்பவர்களுக்கும், முத்திரையிட்ட பணிச்சான்று ஒன்று கொடுத்துவிடுங்கள். அதில் ஆதாரில் உள்ளபடி பெயர், பதிவேட்டில் உள்ளபடி பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.எஃப். எண், யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் பொது எண்), இ.எஸ்.ஐ. எண், கடைசிச் சம்பளம், ஆண்டுவாரி வேலை நாள்கள் ஆகியவை இருக்க வேண்டும். மாதிரிப் படிவம் வேண்டுவோர் கேட்டால் தட்டச்சு செய்து தருகிறேன்.